ஆட்டோ கியரில் ஆயில் பம்ப் போய்விட்டதாம், 2,800 வெள்ளி கேட்கிறார்கள். அந்தப் பம்ப் என்னதான் செய்கிறது?

செந்தூல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது பெட்ரோல் போடுவது, ரோட் டேக்ஸ் கட்டுவது, இரண்டுதான். கேள்வி மொக்கையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கார். உள்ளூர்க் கார்தான். 2011, 1.3, நாலு கியர் ஆட்டோ, 160,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பேர் வேண்டாம். இத்தனை வருஷம் உழைத்த காரை நான் இங்கே வந்து குறை சொன்னது தெரிந்தால் அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்து டி-யில் போட்டால் மூன்று, நான்கு விநாடிக்கு ஒன்றுமே நடக்காது. அப்புறம் "டொக்" என்று பிடித்துக்கொண்டு கிளம்பும். ஆர்-இலும் அப்படித்தான். ஜாலான் ஈப்போ ஜாமில் பத்து நிமிஷம் ஊர்ந்த பிறகு எல்லாம் சரியாகிவிடுகிறது. கூடவே ஒரு சத்தம். காதோரம் கொசு பாடுவது போல மெல்லிசாக. கார் நின்றுகொண்டிருக்கும்போதே கேட்கிறது. பெடலை மிதித்தால் கொசுவுக்குக் கோபம் வந்த மாதிரி சுருதி ஏறுகிறது.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். போமன் பானட்டைத் திறந்தார், காதைச் சாய்த்துக் கேட்டார், "ஆயில் பம்ப் போச்சு, கியர் பாக்ஸை இறக்கணும், 2,800 வெள்ளி" என்றார். வேறு சோதனை எதுவும் செய்யவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரத்துக்கு முன்னால் வேறொரு கடையில் கியர் எண்ணெய் மாற்றினோம். போன மாதம் செலாயாங்கில் ஆல்டர்னேட்டர் செத்து கார் நின்றுவிட்டது. பெட்ரோல் நிலையத்தில் இருந்த மூன்று பையன்கள் தள்ளிப் பார்த்தார்கள், ஸ்டார்ட் ஆகவில்லை. கடைசியில் மாமா பையன் கயிறு கட்டி, என்-இல் போட்டு, செந்தூல் வரை இழுத்து வந்தான். அதனால்தான் பம்ப் போயிருக்குமா? பம்ப் என்றால் எதை எங்கே அடிக்கிறது? 2,800 கொடுப்பதற்கு முன்னால் அதையாவது தெரிந்துகொள்கிறேன்.

ஹாஃப்கட் ராஜா:

தங்கச்சி, பம்பை ரிப்பேர் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். பழைய பெட்டியைத் திறந்தால் ஒன்று போய் நாலு வேலை வரும். நல்ல செகண்ட் ஹேண்ட் பெட்டியாகப் பார்த்து வாங்கி, எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் கன்வெர்ட்டரோடு அப்படியே மாற்றிவிடுங்கள். ஒரு நாள் வேலை. நான் மூன்று காருக்குப் போட்டிருக்கிறேன், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பட்டர்வொர்த் பெரிசு:

தங்கச்சி, அந்த 2,800 வெள்ளி இப்போதைக்கு அம்மாவின் அலமாரியிலேயே இருக்கட்டும். ராஜா தம்பியும் கொஞ்சம் பொறுக்கட்டும், அவருக்கு அப்புறம் பதில் சொல்கிறேன். 31 வருஷம் ஆட்டோ கியர் பெட்டிகளோடு குப்புறப் படுத்தவன் நான். இப்போது முட்டி வலி, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும்.

பம்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஒரு சாஸர் அளவு மூடி, உள்ளே இரண்டு பல்சக்கரம், அவ்வளவுதான். சின்னதற்குப் பல் வெளிப்பக்கம், பெரியதற்குப் பல் உள்பக்கம். சின்னது பெரியதற்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும், ஆனால் நட்ட நடுவில் உட்காராது, ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்கும். ஒதுங்கிய பக்கத்தில் இரண்டின் பற்களும் கடித்துக்கொள்ளும். எதிர்ப்பக்கத்தில் இடைவெளி விழும் அல்லவா, அங்கே பிறை நிலா வடிவில் ஒரு தடுப்பு. சில பெட்டிகளில் பிறை இல்லாத வேறு மாதிரிப் பம்பும் உண்டு, தகடு தகடாக நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரியும் உண்டு. தத்துவம் ஒன்றுதான், அதனால் பிறையையே பிடித்துக்கொள்வோம்.

சக்கரம் சுற்றும்போது ஓர் இடத்தில் பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. பிரியும் இடத்தில் வெற்றிடம் பிறக்கிறது, கீழே தொட்டியில் இருக்கும் எண்ணெய் ஃபில்டர் வழியாக அங்கே உறிஞ்சப்படுகிறது. அந்த எண்ணெய் பல்லிடுக்குகளில் உட்கார்ந்து, பிறையின் இரண்டு ஓரமாகவும் சவாரி செய்து மறுபக்கம் போகிறது. அங்கே பற்கள் மறுபடி கடிக்கத் தொடங்கும். இடுக்கில் இருந்த எண்ணெய்க்கு இடமில்லை, வெளியே தள்ளப்படுகிறது. நிறைய போமன்களே எண்ணெய் இரண்டு பல்லுக்கும் நடுவில் நசுங்கிப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பசார் மாலாமில் கரும்புச் சாறு மெஷினில் கரும்பு அப்படித்தான் போகும். இங்கே பல் கடிக்கும் இடம் கதவு மாதிரி. போன எண்ணெய் உறிஞ்சும் பக்கத்துக்குத் திரும்பாமல் அடைத்துவைப்பதுதான் அதன் வேலை.

இந்தச் சக்கரத்தைச் சுற்றுவது யார்? எஞ்சின். எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க்கில் கன்வெர்ட்டரை முடுக்கியிருக்கிறார்கள். கன்வெர்ட்டரின் முதுகில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் வெட்டு இருக்கும், அந்த வெட்டு பம்பின் சின்னச் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். எஞ்சின் 800 சுற்று சுற்றினால் பம்பும் 800. எஞ்சின் நின்றால் பம்பும் நின்றது. கார் ஓடுகிறதா, நிற்கிறதா, எந்த கியர் என்பதெல்லாம் பம்புக்குத் தெரியாது. அதனால்தான் பி-யில் நிற்கும்போதே உங்களுக்குக் கொசு பாடுகிறது.

அடுத்ததுதான் முக்கியம். பம்ப் பிரஷர் உண்டாக்குவதில்லை. பம்ப் எண்ணெயை ஓடவைக்கிறது, அவ்வளவுதான். தைப்பூசத்தன்று எங்கள் தண்ணீர்மலைக்கு வந்து பாருங்கள். நீங்கள் கேஎல்காரி, பத்துமலை 272 படி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கிறது, அது ஓட்டம். நெருக்கடி எங்கே வருகிறது? படியில், வழி குறுகுகிற இடத்தில். அதே படி சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும். வரத்து இல்லாவிட்டால் படி எவ்வளவு குறுகலாக இருந்தாலும் நெருக்கடி கிடையாது. வழி அகலமாக இருந்தால் எவ்வளவு பேர் வந்தாலும் நெருக்கடி கிடையாது. பெட்டிக்குள் பிரஷரும் இப்படித்தான். போகும் வழியை ஒரு வால்வு குறுக்கிப் பிடிக்கிறது. ஸ்பிரிங் வைத்த சின்ன உருளை அது. நெருக்கடி அளவுக்கு மீறினால் பக்கத்துக் கதவைத் திறந்து மிச்ச எண்ணெயைப் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடும்.

இப்படிக் கிடைக்கிற பிரஷரை லைன் பிரஷர் என்போம். உங்கள் பெட்டி மாதிரிச் சின்னப் பெட்டிகளில், சூடாக, டி-யில் ஐடிலிங்கில் சுமார் 4 பார் இருக்கும், 60 பிஎஸ்ஐ பக்கம். ஆர்-இல் அதைவிடக் கூடுதல், ஏனென்றால் ரிவர்ஸில் கிளட்ச் தாங்க வேண்டிய முறுக்கு அதிகம். சரியான எண் அந்தந்தப் பெட்டியின் மேனுவலில்தான். இந்தப் பிரஷர் பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகளை அமுக்கிப் பிடிக்கிறது, அப்போதுதான் கியர் பிடிக்கும். அதே எண்ணெய்தான் கன்வெர்ட்டரை நிரப்புகிறது, ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து வருகிறது, உள்ளே இருக்கும் சக்கரங்களையும் புஷ்களையும் நனைக்கிறது. மனுஷனுக்கு இதயம் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன், இதயம் மாதிரி இது அடிக்கடி படுக்காது.

ஆமாம், நான் கழற்றிய பெட்டிகளில் பம்ப் தானாகத் தேய்ந்து செத்தது குறைவு. கிளட்ச் எரிந்து, அந்தத் தூள் கலந்த எண்ணெயைக் குடித்துக் குடித்துக் கீறல் விழுந்ததுதான் அதிகம். பழைய டொயோட்டா பெட்டிகளில் சக்கரத்துக்கும் மூடிக்கும் இடையே இருக்க வேண்டிய சந்து 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர். 0.1 தாண்டினால் தூக்கிப்போடச் சொல்லும் மேனுவல். தலைமுடி நுழையாத சந்து. அது அகலமானால் தள்ளிய எண்ணெய் பக்கவாட்டில் கசிந்து உறிஞ்சும் பக்கத்துக்கே திரும்பிவிடும்.

இங்கேதான் உங்கள் போமனோடு எனக்கு ஒத்துவரவில்லை. தேய்ந்த பம்ப் எப்போது காட்டிக்கொடுக்கும்? எண்ணெய் சூடாகித் தண்ணீர் மாதிரி ஆனபோது. மெல்லிய எண்ணெய்தான் சந்தில் நழுவும். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சுற்றுக்கு 15 மில்லி தள்ளும் பம்ப் என்று வைத்துக்கொண்டால், 3,000 சுற்றில் நிமிஷத்துக்கு 45 லிட்டர் வரும். அதில் நாலு லிட்டர் கசிந்தாலும் ஒன்றும் தெரியாது. ஐடிலிங்கில் 800 சுற்றுக்கு 12 லிட்டர்தான். அதிலும் நாலு போனால் என்ன மிஞ்சும்? ஆகவே பம்ப் நோயாளி காலையில் நன்றாகக் கிளம்பி, மத்தியானம் ஃபெடரல் ஹைவே ஜாமில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது நழுவ வேண்டும். உங்கள் கார் நேர்மாறாக நடக்கிறது. காலையில் படுக்கிறது, சூடானதும் எழுந்துவிடுகிறது.

காலையில் மட்டும் படுப்பதற்கு எனக்குத் தெரிந்து மூன்று காரணம். எண்ணெய் குறைவு: குளிரில் எண்ணெய் சுருங்கும், மட்டம் இன்னும் இறங்கும், பம்ப் எண்ணெயோடு காற்றையும் சேர்த்துக் குடிக்கும். ஃபில்டர் அடைப்பு: குளிர்ந்த எண்ணெய் கெட்டி, அடைத்த ஃபில்டரில் நுழையாது. மூன்றாவது, கிளட்ச் பிஸ்டன் ரப்பர்: 14 வருஷத்தில் இறுகியிருக்கும், குளிரில் எண்ணெயை ஒழுகவிடும், சூடானதும் இளகிப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது மட்டும் என்றால் கொசு பாடாது. அதனால் முதல் இரண்டில் ஒன்று என்று என் மூக்கு சொல்கிறது. ஒரு கேள்வி: கொசு எப்போது பாட ஆரம்பித்தது? ஆல்டர்னேட்டர் மாற்றிய பிறகு என்றால் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் இதே ராகம்தான் பாடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டால் போதும், யார் பாடுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கயிறு கட்டி இழுத்த விஷயம். அதில் பம்புக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது, அது தூங்கிக்கொண்டிருந்தது. அதுதான் ஆபத்தே. முன்சக்கரம் உருளும்போது பெட்டிக்குள் பாதிச் சாமான் சுற்றும், எஞ்சின் நின்றதால் ஒரு சொட்டு எண்ணெய் அங்கே போகாது. மெதுவாக, கொஞ்ச தூரம் இழுக்க மேனுவலே இடம் கொடுக்கும். செலாயாங் செந்தூல் தூரம்தானே, மாமா பையன் பறக்காமல் வந்திருந்தால் தப்பித்திருக்கும். அடுத்த முறை முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் லோரியில் ஏற்றுங்கள்.

அந்த மூன்று பையன்களுக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்திருக்கலாம், வீணாக வியர்த்தவர்கள். கார் உருண்டால் எஞ்சினைச் சுற்றவைக்க கிளட்ச் பிடிக்க வேண்டும், கிளட்ச் பிடிக்கப் பிரஷர் வேண்டும், பிரஷருக்குப் பம்ப் சுற்ற வேண்டும், பம்ப் சுற்ற எஞ்சின் ஓட வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்க ஹைட்ராமாட்டிக் பெட்டியில், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் வந்தது, பின்பக்கமும் ஒரு பம்ப் இருந்தது. அது சக்கரத்தோடு சுற்றும், அதனால் அதைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். உங்கள் காரில் அது கிடையாது.

இப்போது செய்ய வேண்டியது. ஓசியிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு, கியர் கோலை ஒவ்வொரு இடத்திலும் இரண்டு விநாடி வைத்து மறுபடி பி-க்கு வாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அப்படியே கியர் எண்ணெயை அளக்கும் ஸ்டிக்கை உருவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். அதே ஸ்டிக்கை எஞ்சினை நிறுத்தி அரை மணி கழித்தும் பாருங்கள். இரண்டு அளவையும் இங்கே எழுதுங்கள். நுரை இருக்கிறதா, கருகல் வாசனை வருகிறதா என்பதையும் சொல்லுங்கள். எண்ணெய் சரியாக இருந்தால் அடுத்தது பிரஷர் மீட்டர். பெட்டியில் அதற்கென்றே ஒரு பிளக் இருக்கும், கழற்றி மீட்டர் மாட்ட வேண்டியதுதான். மீட்டர் மாட்டாமல் பம்ப் மேல் பழி போடுகிறவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

எண்ணெய்க் கணக்கு:

பெரியவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில் ஒரு திருத்தம். நான் பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஹைட்ராலிக் பிரஸ் பராமரிக்கிறேன் (ஊர் பேர் பிறை, பம்பில் இருக்கும் பிறை அல்ல).

பம்ப் எண்ணெயை உறிஞ்சுவதில்லை. பல் பிரியும் இடத்தில் அழுத்தம் குறைகிறது, தொட்டியில் இருக்கும் காற்று எண்ணெயை மேலே தள்ளிவிடுகிறது. வார்த்தை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம், இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வெளியே தள்ளும் பக்கம் பம்ப் 15 பார்கூடக் கொடுக்கலாம். உள்ளே வரும் பக்கம் கிடைப்பது காற்றின் 1 பார்தான், அதற்கு மேல் ஒரு துளி கிடையாது. எஞ்சின் எவ்வளவு முறுக்கினாலும் அந்த 1 பார் கூடாது. ஃபில்டர் அடைத்து, எண்ணெயும் கெட்டியாக இருந்தால், அந்த ஒரு பார் ஃபில்டரிலேயே செலவாகிவிடும். பல்லிடுக்கு நிரம்பாது. எண்ணெய்க்குள் கரைந்திருந்த காற்று குமிழாக வெளியேறும், அந்தக் குமிழ்கள் பிரஷர் பக்கம் போனதும் நசுங்கி வெடிக்கும். கேட்பது அந்தச் சத்தம். நாளாக நாளாக இரும்பையே அம்மைத் தழும்பு மாதிரி கொத்திவிடும்.

மட்டம் குறைந்து வெளிக்காற்று கலந்தாலும் ஏறக்குறைய இதே சத்தம்தான். வித்தியாசம் ஸ்டிக்கில் தெரியும். வெளிக்காற்று என்றால் எண்ணெய் நுரைத்துப் பால் கலந்த மாதிரி இருக்கும். ஃபில்டர் அடைப்பு என்றால் பெரும்பாலும் நுரை இருக்காது.

பட்டர்வொர்த் பெரிசு:

சரிதான் தம்பி. 31 வருஷம் "உறிஞ்சுகிறது" என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அந்த 1 பார் கணக்கு எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை, பிடித்திருக்கிறது.

இப்போது ராஜா தம்பிக்கு. பெட்டி மாற்றுவது தப்பில்லை. ஆனால் பம்பைக் கொல்லும் சுலபமான வழி அதில்தான் இருக்கிறது. எனக்கு வேலையில் இரண்டாவது வருஷம், தனியாகப் பெட்டி ஏற்ற முதல்முறையாக விட்டார்கள். கன்வெர்ட்டரைப் பெட்டிக்குள் தள்ளினேன், "டக்", "டக்" என்று இரண்டு முறை உட்கார்ந்தது, போதும் என்று நினைத்துவிட்டேன். பெட்டியைத் தூக்கி எஞ்சினோடு சேர்த்தபோது விரலளவு இடைவெளி இருந்தது. போல்ட்டை முடுக்கினால் வந்துவிடும் என்று சுற்றிச் சுற்றி முடுக்கினேன். வந்தது. ஸ்டார்ட் செய்தோம், ஒரு கியரும் பிடிக்கவில்லை. இறக்கிப் பார்த்தால் பம்பின் சின்னச் சக்கரம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

மூன்று "டக்" வர வேண்டும். முதல் இரண்டும் உள்தண்டுகளின் வரிப்பற்கள், மூன்றாவதுதான் பம்பின் வெட்டு. கன்வெர்ட்டரைக் கையால் சுற்றிக்கொண்டே தள்ள வேண்டும், மூன்றாவது டக் கேட்ட பிறகு பெட்டி வாயில் ஒரு ரூலை வைத்து ஆழத்தை அளக்க வேண்டும். பட்டறை முதலாளி தவுக்கே அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. உடைந்த சக்கரத்தை என் டூல் பாக்ஸ் மூடிமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். பாதிச் சக்கரம் இன்னும் என் வீட்டில் காகிதம் பறக்காமல் வைத்துக்கொள்ள உதவுகிறது.

ஹாஃப்கட் ராஜா:

அண்ணே, நான் ரூல் வைத்து அளந்ததே இல்லை. மூன்று கார் தப்பித்தது என் அதிர்ஷ்டம் போல.

பாயான் லெப்பாஸ் பையன்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். புது மைவி வைத்திருக்கிறேன், 2021 நவம்பரில் வந்த மாடல், சிவிடி. கியரே இல்லாத பெட்டியில் பம்ப் எதற்கு?

பட்டர்வொர்த் பெரிசு:

அங்கேதான் இன்னும் அதிகம் தேவை தம்பி. சிவிடியில் இரண்டு கப்பி, நடுவில் ஒரு பெல்ட். பெல்ட் வழுக்காமல் கப்பியை நெருக்கிப் பிடிப்பது எண்ணெய்ப் பிரஷர்தான். நாலு கியர் பெட்டிக்குப் போதுமான பிரஷர் அங்கே காணாது, பல மடங்கு வேண்டும். அதனால் சிவிடி எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம், மேனுவலில் சொன்ன எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். சிவிடி நான் அதிகம் கழற்றியதில்லை, மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

செந்தூல்காரி:

செய்துவிட்டேன்! தாமானைச் சுற்றி, பத்துமலைப் பக்கம் ஒரு சுற்றுப் போய்ச் சூடாக்கி, கோவில் கார் பார்க்கில் பார்த்தேன். அம்மா பக்கத்தில் நின்று "கைப்பிடித் துணியை நாசமாக்காதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எஞ்சின் ஓடும்போது: ஸ்டிக்கின் நுனி மட்டும் நனைந்தது. இரண்டு கோடு இருக்கிறது, கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. சின்னச் சின்ன நுரை, சோப்புத் தண்ணீர் மாதிரி. வாசனை ஒன்றும் இல்லை, நிறம் சிவப்பு.

எஞ்சினை நிறுத்தி அரை மணி கழித்து: மேல்கோட்டில் அழகாக நிற்கிறது!

எண்ணெய் மாற்றிய கடையில் நான் கூடவே இருந்தேன். ஸ்டிக்கைக் காட்டி "பாருங்கள், ஃபுல்" என்றார்கள். அப்போது எஞ்சின் ஓடவில்லை, அது நிச்சயம். கொசு பாட ஆரம்பித்தது அதற்கு அடுத்த வாரம். ஆல்டர்னேட்டர் அதற்கும் பிறகுதான் செத்தது.

பட்டர்வொர்த் பெரிசு:

அப்படிப் போடுங்கள். எஞ்சின் ஓடும்போது பம்ப் எண்ணெயை எடுத்துக் கன்வெர்ட்டரையும் கூலரையும் கிளட்ச் டிரம்களையும் நிரப்பி வைத்துக்கொள்கிறது. நிறுத்தியதும் அதில் ஒரு பங்கு தொட்டிக்கு வழிந்து வந்து மட்டத்தை உயர்த்திக் காட்டும். நின்ற எஞ்சினில் "ஃபுல்" என்றால் ஓடும் எஞ்சினில் குறைவு. அந்தக் கடைக்காரரை ரொம்பவும் திட்டாதீர்கள். பழைய ஹோண்டா ஆட்டோக்களில் எஞ்சினை நிறுத்திய கையோடுதான் பார்க்கச் சொல்லும், அந்தக் கைப்பழக்கமாக இருக்கலாம்.

ஸ்டிக்கிலேயே எண்ணெய் வகை எழுதியிருக்கும், இல்லாவிட்டால் மேனுவலில். அதே எண்ணெய் ஒரு லிட்டர் வாங்கி, எஞ்சின் ஓடும்போதே, ஸ்டிக் துளையில் நீளப் புனல் வைத்து, ஒரு தடவைக்கு 200 மில்லிக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் அளந்து பாருங்கள். சூட்டுக் கோடுகளுக்கு நடுவில் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அதிகமானால் உள்ளே சக்கரங்கள் எண்ணெயைத் தயிர் கடைகிற மாதிரி கடைந்து நுரையாக்கும், மறுபடி அதே கொசு.

செந்தூல்காரி:

மூன்று நாள் ஆகிறது. மொத்தம் 900 மில்லி போனது. அன்று மாலையே கொசுவைக் காணோம். காலையில் டி போட்டால் முன்பு நாலு விநாடி, இப்போது ஒன்று, ஒன்றேகால். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். "டொக்" கொஞ்சம் இருக்கிறது, முன்பு மாதிரி இல்லை. எண்ணெய்க்கும் புனலுக்கும் ஆன செலவு 51 வெள்ளி.

2,800 சொன்ன பட்டறைக்குப் போன் செய்து, "பிரஷர் மீட்டர் போட்டுப் பார்த்தீர்களா அண்ணே" என்று கேட்டேன். "கொண்டுவாங்க, பார்க்கலாம்" என்றார். மீட்டர் இருக்கிறதா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பட்டர்வொர்த் பெரிசு:

நல்லது. ஆனால் ஆட்டம் முடியவில்லை தங்கச்சி. ஆறு வாரம் காற்றைக் குடித்த பம்ப் அது, கிளட்ச்சும் அரைகுறைப் பிரஷரில் வழுக்கியிருக்கும். ஒரு சனிக்கிழமை தொட்டியை மட்டும் கழற்றச் சொல்லுங்கள், பெட்டியை இறக்க வேண்டாம். அடியில் காந்தம் ஒட்டியிருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் சந்தனம் மாதிரி மெத்தென்று இருந்தால் வயசுக்கு அது வழக்கம்தான். ஊசி ஊசியாக இரும்புத் துணுக்கு இருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள். ஃபில்டரை மாற்றுங்கள், கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தை மறக்காமல் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய வளையம் சந்துவிட்டாலும் பம்ப் காற்றைக் குடிக்கும். முடித்ததும் மட்டத்தை எஞ்சின் ஓடும்போது பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

அப்புறம் வீட்டில் கார் நிற்கும் இடத்தில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். எஞ்சினும் பெட்டியும் சேரும் இடத்துக்கு நேர் கீழே சிவப்புச் சொட்டு விழுந்தால் பம்பின் முன் சீல் ஒழுகுகிறது. கறுப்பு என்றால் அது எஞ்சின் எண்ணெய், வேறு கதை.

செந்தூல்காரி:

அட்டை விரித்தாயிற்று. அம்மா அதன்மேல் மிளகாய் காய வைத்துவிட்டார். நாளை வேறு அட்டை தேடுகிறேன்.